துண்டில் சுற்றிய விளக்கு

பேராவூரணி
12.6.2022

லோகேஸ்வரி அவர்களுக்கு,

பஞ்சவர்ணம் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். என் தங்கை பிள்ளை தாரகா சௌக்கியமா என்று தெரிய வேண்டும். உங்கள் சௌக்கியத்தையும் கேட்பதுதான் முறை. கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் குரலில் உங்கள் தம்பியின் குரல் கேட்கிறது. அதே இழுவை, பேச்சின் முடிவில் அதே சிங்கப்பூர் ‘லா’. என் தங்கையைக் கொன்றவனின் குரலை என் காதுக்குள் விட்டுக்கொள்ள என்னால் ஆகாது. சொல்ல வேண்டியதைத் தபாலில் எழுதுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து சுஷ்மிதா வந்த பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முகத்தை மட்டுமாவது பார்க்கிறேன் என்று அம்மா தரையில் உருண்டாள். திறக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் எரித்தோம்.

வழக்கு எந்த அளவில் இருக்கிறது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. எங்கே கேட்டாலும் விசாரணையில் இருக்கிறது என்ற ஒரே பதில். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

இன்னொன்று அம்மா கேட்பது. சீரோடு கொடுத்த காமாட்சி விளக்கு. பெண் போன பிறகு அவள் விளக்கு அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்கிறாள். அவர்கள் குடியிருந்த செங்காங் வீட்டைப் போலீஸார் அன்று இரவே பூட்டி முத்திரை வைத்துவிட்டதாகக் கேள்வி. திறக்கும் நாளில் அதைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

தாரகாவுக்கு என் முத்தம்.

பஞ்சவர்ணம்


சிங்கப்பூர், தேக்கா
9.7.2022

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

லோகா எழுதிக்கொள்வது. நானும் தாரகாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? உங்கள் கடிதம் வந்ததே எனக்குப் பெரிய காரியம். போனைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நான் கடிதம்கூட எழுதியிருக்க மாட்டேன்.

தாரகா பாலர் பள்ளிக்குப் போகிறாள். மத்தியானம் வந்ததும் தேக்கா சந்தை மாடியில் என் தையல் கடையில்தான் இருப்பாள். வெட்டி விழுந்த ரவிக்கைத் துணியையெல்லாம் பொறுக்கிப் பொம்மைக்குச் சேலை கட்டுவாள். கோழிச்சோறு என்றால் ஒரு தட்டு காலி. அம்மாவைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தபோதே தேவலையாக இருந்தது.

தம்பி சரத்தை மனநல மருத்துவமனையில் சில வாரம் வைத்துப் பார்த்தார்கள். புத்தியில் கோளாறு ஒன்றும் இல்லையாம். இப்போது சாங்கி சிறையில் இருக்கிறான். நீதிமன்றம் அமர்த்திய வக்கீல், இது திடீரென்று மூண்ட சண்டை, முன்யோசனை இல்லாமல் நடந்தது என்று காட்டப் பார்க்கிறார். அது நிலைத்தால் கொலைக் குற்றம் குறைந்து, உயிர் தப்பும். நிலைக்காவிட்டால் தூக்கு. இதை உங்களுக்கு எழுதக் கை கூசுகிறது. கேட்டதால் எழுதினேன்.

விளக்கைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். அது என்னிடம்தான் இருக்கிறது. துண்டில் சுற்றியபடியே அலமாரியில் வைத்திருக்கிறேன், ஒரு கீறல் இல்லை. ஊருக்கு யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

லோகா


பேராவூரணி
1.8.2022

லோகேஸ்வரி அவர்களுக்கு,

இருவரும் நலம் என்று அறிந்தேன். அம்மாவுக்கு வலி அப்படியேதான்.

உங்கள் கடிதத்தில் விளக்கைப் பற்றி எழுதிய இடத்துக்கு மேல் என்னால் நகர முடியவில்லை.

அன்று காலையில் சுஷ்மி என்னோடு பேசினாள். வெள்ளிக்கிழமை, பங்குனி உத்திரம் வேறு. “சேலைக்கடைல இன்னைக்கு அரைநாள்தான்க்கா. சாயங்காலம் வந்து விளக்கேத்திப் பாயசம் வைக்கணும்” என்றாள். ஜூன் மாதம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தால் திரும்பப் போவதில்லை என்றும் சொன்னாள். டிக்கெட் போட்டது அவனுக்குத் தெரிந்துவிட்டது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான் என்றாள். அன்று சாயங்காலமே முடித்துவிட்டான். இரவு வீட்டைப் பூட்டிவிட்டார்கள்.

அப்படியானால் விளக்கு உங்களிடம் எப்படி வந்தது? எப்போது வந்தது? யார் கொண்டுவந்தது?

பிள்ளை அன்று உங்களிடம் இருந்ததைக் கடவுள் புண்ணியம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சவர்ணம்


சிங்கப்பூர், தேக்கா
4.12.2022

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, தவறாக நினைக்க வேண்டாம். தீபாவளிக்கு முன்னால் ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். அது முடிந்ததும் எனக்குக் காய்ச்சல், பிறகு தாரகாவுக்குக் காய்ச்சல். இப்போது இருவருக்கும் சரியாகிவிட்டது.

ஜனவரியில் தாரகா தொடக்கப்பள்ளி முதல் வகுப்பு. சீருடை வாங்கினேன், இடுப்பு பெரிதாக இருந்ததால் பிடித்துத் தைத்தேன். காலணிக்குள் சாக்ஸை எப்படி மடிக்க வேண்டும் என்று அவளே எனக்குச் சொல்லித் தருகிறாள். அம்மாவின் சாயல் நாளுக்கு நாள் கூடுகிறது. மழை விடாமல் பெய்கிறது, துணி காய்வதில்லை. கீழே ஈரச்சந்தையில் மீன் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியர் யார் என்று இன்னும் சொல்லவில்லை. தாரகா உங்களுக்காக ஒரு மயில் வரைந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன்.

வழக்கு இன்னும் தேதிக்கு வரவில்லை. வக்கீல் மாறிவிட்டார். புது வக்கீல் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டுமாம்.

நீங்கள் கேட்டதற்கு இன்னொரு நாள் எழுதுகிறேன்.

லோகா


பேராவூரணி
2.1.2023

லோகேஸ்வரி அவர்களுக்கு,

மயில் வந்தது. அங்கன்வாடியில் என் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பெரியம்மா வேலை பார்க்கும் இடத்தில் தாரகாவின் மயில் ஒட்டியிருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள்.

மீன் விலை எழுதத் தெரிந்த உங்களுக்கு நான் கேட்டதற்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லை.

அந்த விளக்கை ஏந்திக்கொண்டுதான் சுஷ்மி உங்கள் வீட்டுக்குள் வலதுகால் வைத்தாள். ஆரத்தி எடுத்தது நீங்கள். வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு, விளக்கேற்ற மாட்டோம், சாமி படத்தை மூடிவைப்போம். சாவு விழுமென்று முன்னாலேயே தெரிந்தவன்தான் விளக்கை முன்னாலேயே வெளியே கொண்டுபோவான். இதை எனக்கு எந்த வக்கீலும் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் நான்கு மாதம் உங்களுக்குக் காய்ச்சல்.

பிள்ளைக்குப் பள்ளிக்கூட முதல் நாள் நல்லபடியாக அமையட்டும்.

பஞ்சவர்ணம்


சிங்கப்பூர், தேக்கா
20.3.2023

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

அம்மாவையும் உங்களையும் நினைத்தபடி எழுதுகிறேன். தாரகா நலம். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சுஷ்மியின் முதல் வருட நினைவு நாள் அங்கே முடிந்திருக்கும். நான் இங்கே யாருக்கும் சொல்லாமல் ஒரு வேளை பட்டினி இருந்தேன். எனக்கு அதற்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

சுஷ்மி போன அன்று மத்தியானம் சரத் கடைக்கு வந்தான். தாரகா கூட இருந்தாள். ஒரு பையில் அவளுக்கு ஒரு வாரத்துத் துணி. இன்னொரு கையில் குளியல் துண்டில் சுற்றி எதையோ அணைத்துக்கொண்டிருந்தான். பிரித்தால் விளக்கு.

“என்னடா, வெள்ளிக்கிழமை அதுவுமா விளக்கத் தூக்கிட்டு வந்திருக்க?” என்றேன்.

“அவ ஊருக்குப் போறாக்கா. வீட்டுல ஏத்த ஆள் இல்ல லா. உன்கிட்டயே இருக்கட்டும். தாராவும் இருக்கட்டும்.”

“அவ ஜூன்லதானடா போறா?”

“இருக்கட்டும்க்கா.”

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு மிஷினில் வேலை. ரயிலில் அப்பா விளக்கை மடியில் வைத்து உட்கார்ந்து வந்தார், நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தேன் என்று தாரகா சொன்னாள். சிரித்தேன். அப்போது சிரித்தேன், பஞ்சவர்ணம்.

இரவு போலீஸார் வந்து விஷயத்தைச் சொன்னபோது என் கண் அலமாரிக்குத்தான் போனது. குழந்தை எப்படி இங்கே வந்தது என்று கேட்டார்கள், அப்பா விட்டுப் போனார் என்றேன். விளக்கைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினாறு. நான்தான் ஊட்டினேன், நான்தான் குளிப்பாட்டினேன். நான் திருநீறு பூசிவிட்ட கழுத்து அது.

லோகா


பேராவூரணி
16.4.2023

லோகேஸ்வரி அவர்களுக்கு,

அம்மா படுத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் இல்லை. தாரகா சுகமாக இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை. விளக்கு அங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

விளக்கைக் காப்பாற்றியிருக்கிறான். அதில் ரத்தம் தெறிக்கக் கூடாது என்று துண்டில் சுற்றி, மடியில் வைத்து, பத்திரமாக உங்களிடம் சேர்த்திருக்கிறான். என் தங்கையைக் கொல்ல வைத்துக்கொண்டான். அவள் வந்து மாடத்தைப் பார்த்திருப்பாள், விளக்கு எங்கே என்று அவனைத்தான் கேட்டிருப்பாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசிய பேச்சாக இருக்கும். இதை நினைத்துக்கொண்டு நான் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறேன்.

அவன் சாக வேண்டும். நான் மறைக்கவில்லை.

அங்குள்ள போலீஸுக்கு நானே எழுதலாம். எழுதினால் விளக்கு ஒரு வீட்டுச் சாமான், யாரோ எங்கேயோ வைத்தார்கள் என்று போய்விடும். இறந்தவளின் அக்கா ஆத்திரத்தில் சொல்கிறாள் என்பார்கள். அவனுடைய அக்கா சொன்னால் அது நிற்கும். சொல்வதும் சொல்லாததும் உங்கள் மனசு. நீங்கள் வளர்த்தது உங்கள் தம்பியை. நான் வளர்த்தது சுஷ்மியை.

பஞ்சவர்ணம்


சிங்கப்பூர், தேக்கா
11.2.2024

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

அம்மா எழுந்து நடக்கிறாளா? பத்து மாதம் நான் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. தாரகா இரண்டாம் வகுப்பு. முன்பல் விழுந்துவிட்டது, படம் வைத்திருக்கிறேன்.

விசாரணைக்குத் தேதி வைத்துவிட்டார்கள், செப்டம்பரில். நான் அரசுத் தரப்புச் சாட்சி. குழந்தையை எத்தனை மணிக்கு விட்டான், என்ன சொன்னான், அவ்வளவுதானாம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று அதிகாரி ஆறுதல் சொன்னார்.

சாங்கிக்குப் போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தாரகாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றியே கேட்கிறான். வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. போன வாரம் மட்டும், “எல்லாம் பத்திரமா இருக்காக்கா?” என்றான். இருக்கிறது என்றேன். மெலிந்துவிட்டான்.

சைனாடவுன் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைக்கு யார் பெயர் என்று ஐயர் கேட்டார். சரத் பெயரைச் சொல்வதா, சுஷ்மி பெயரைச் சொல்வதா என்று நின்றேன். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். தாரகா பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை தாரகா அலமாரியைத் திறந்திருக்கிறாள். “அத்தை, இது அம்மா ஏத்துற விளக்குதான? அப்பா ஏன் இங்க கொண்டு வந்தாரு?” என்றாள். “ஹோம்வொர்க் முடிச்சியாம்மா?” என்றேன்.

லோகா


பேராவூரணி
10.3.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். அம்மா சுவரைப் பிடித்து நடக்கிறாள்.

பல் விழுந்த படம் வந்தது. சுஷ்மிக்கும் அந்தப் பல்தான் முதலில் விழுந்தது. கூரைமேல் போடச் சொன்னால் பயந்துகொண்டு என் கையில் கொடுத்தாள், நான் போட்டேன். உங்கள் அடுக்குமாடியில் பல்லை எங்கே போட்டீர்கள்?

வழக்கைப் பற்றி நான் இனிக் கேட்க மாட்டேன்.

பஞ்சவர்ணம்


சிங்கப்பூர், தேக்கா
6.10.2024

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

அம்மாவுக்கும் உங்களுக்கும் உடம்பு தேவலையா? தாரகா நலம். பல்லைத் தாமரைத் தொட்டியில் போட்டோம். கூரைக்கு ஏற இங்கே விடமாட்டார்கள்.

சாட்சி சொல்லிவிட்டேன்.

எனக்கு ஆங்கிலம் வரும். இருந்தாலும் தமிழில் சொல்கிறேன் என்றேன். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் பக்கத்தில் நின்றார். அரசாங்க வக்கீல் நேரத்தைக் கேட்டார், சொன்னேன். குழந்தையோடு வேறு என்ன கொண்டுவந்தார் என்றார். துணிப்பை என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். அவர் தாளைப் புரட்டிவிட்டார். சரத் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். பின்னந்தலையில் முடி கொட்டியிருந்தது.

“ஒரு விளக்கும் கொண்டாந்தான்” என்றேன்.

மொழிபெயர்க்கிற பெண் வாயைத் திறந்தவர், திறந்தபடியே நின்று என்னைப் பார்த்தார். சரத்தைத் தவிர அந்தக் கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் புரிந்தது. பிறகு ஆங்கிலத்தில் விளக்கு என்று சொன்னார். மற்ற யாரும் அசையவில்லை. அதைப் பற்றி நான் சொல்ல வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டேன். காமாட்சி விளக்கு யார் கொடுப்பது, யார் ஏற்றுவது, சாவு வீட்டில் ஏன் ஏற்ற மாட்டோம், வெள்ளிக்கிழமை உத்திரத்தன்று அதை வீட்டைவிட்டு எடுப்பது எங்களில் யாரும் செய்யாத காரியம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி ஊருக்குப் போவதால்தானே கொடுத்தார் என்று சரத்தின் வக்கீல் மடக்கினார். அவள் போவது ஜூன் மாதம், அவன் கொண்டுவந்தது மார்ச் மாதம் என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தான். “அக்கா” என்றான். சத்தமாக இல்லை. சின்ன வயதில் ராத்திரி வெளியே போகப் பயந்து என்னை எழுப்புவான், அப்படி.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லாவற்றையும் பொய் என்று சொல்லியிருப்பேன்.

மறுநாள் போலீஸார் விளக்கைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போய்விட்டார்கள். வழக்கு முடியும்வரை கிடைக்காதாம். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

லோகா


சிங்கப்பூர், தேக்கா
15.3.2025

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

நீங்கள் எல்லாரும் நலமா? தீர்ப்பு உங்களுக்கும் தெரிந்திருக்கும். தமிழ்ச் செய்தியிலேயே வந்துவிட்டது. தூக்கு. முன்கூட்டியே திட்டமிட்டதற்கு அடையாளம் என்று நீதிபதி விளக்கை இரண்டு இடத்தில் சொன்னார். மேல்முறையீடு போட்டிருக்கிறார்கள். வக்கீல் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

சாங்கிக்குப் போகிறேன். பெயரைப் பதிந்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் வர மறுக்கிறார் என்று அதிகாரி வந்து சொல்வார். மறு வாரமும் போவேன். அதே நாற்காலி, அதே பதில். ஒருமுறை நான் கொண்டுபோன தாரகாவின் படத்தையாவது கொடுங்கள் என்றேன். படத்தை வாங்கிக்கொண்டானாம். என்னைப் பார்க்க வரவில்லை.

சொன்னது தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை, பஞ்சவர்ணம். ஊட்டி வளர்த்த கையாலேயே அவனைத் தூக்குக்குக் கொடுத்துவிட்டேன். மேல்முறையீடும் போய்விட்டால் ஒரு நாள் காலையில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் ஒரு தடவை அவன் என்னைத் திட்டியாவது விட்டால் போதும்.

தாரகாவை நீங்கள் அழைத்துக்கொள்கிறீர்களா? அம்மாவைக் கொன்றது யார் என்று அவளுக்கு இப்போதே தெரியும். அப்பாவைக் கொன்றது யார் என்று கேட்கும் வயதில் அவள் என் வீட்டில் இருக்கக் கூடாது.

லோகா


பேராவூரணி
5.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீங்கள் சாப்பிடவில்லை என்று எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. கஞ்சியாவது குடியுங்கள். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

தீர்ப்பு வந்த அன்று பிள்ளையார் கோயிலில் உடைக்க நூற்றியெட்டு தேங்காய் என்று மூன்று வருடமாக நேர்ந்துகொண்டிருந்தேன். சொல்லியும் வைத்திருந்தேன். செய்தி வந்ததும் கோயில்வரை போனேன். நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எனக்கு எப்படியோ தெரிந்தது. தேங்காய்க்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அவன்மேல் இரக்கம் வந்துவிடவில்லை. இன்றும் இல்லை. ஆனால் அவன் செத்தால் சுஷ்மி வருவாள் என்று உள்ளுக்குள் எங்கேயோ நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. அது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. சுஷ்மி செத்த செய்தி வந்த நாளில் அழுததைவிட அன்றிரவு அதிகம் அழுதேன்.

தாரகாவை ஜூன் விடுமுறைக்கு அனுப்புங்கள், அம்மா பார்க்கட்டும். நீங்களும் கூட வாருங்கள். திரும்பும்போது உங்களோடுதான் வருவாள். கேட்கிற வயது வந்தால் கேட்கட்டும். நீங்கள் சொல்லுங்கள், முடியாவிட்டால் நான் சொல்கிறேன். உங்களைப் பற்றி அவளுக்குச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் இல்லை.

உங்கள் தம்பிக்குச் சிறை முகவரியில் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அவன் பெயரை எழுத அரைநாள் ஆனது. மன்னித்ததாக எழுதவில்லை, மன்னிக்கவும் இல்லை. ‘சுஷ்மிதாவின் அக்கா எழுதுகிறேன். உன் அக்கா வந்தால் எழுந்து போய்ப் பார்’ என்று மட்டும் எழுதினேன். நான் கேட்டால் அவன் மறுக்க முடியாது. எனக்கு அவன் அவ்வளவாவது செய்ய வேண்டும்.

நீங்கள் போவதை நிறுத்தாதீர்கள். எனக்குப் போய்ப் பார்க்க யாருமில்லை. உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.

பிள்ளைக்கு என் முத்தம்.

பஞ்சவர்ணம்